ஆய்வு மாணவரின் வேலை நேரம்: உதவித்தொகையோடு வரும் தகுதிகளும் நிபந்தனைகளும்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கங்களில் முதுகலை முடித்த பிள்ளைகள் முனைவர் பட்டத்துக்கோ எம்.இ. படிப்புக்கோ அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்கோ போக விரும்புவதாகச் சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "மாசம் எவ்வளவுங்க வரும்?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. விசைத்தறி ஓட்டியோ, பனியன் கம்பெனிச் சம்பளத்திலோ, கிணற்றுத் தண்ணீரை நம்பிய நாலு ஏக்கர் நிலத்திலோ ஒரு பிள்ளையை முதுகலை வரை கொண்டுவந்து நிறுத்திய குடும்பத்துக்கு, இன்னும் ஐந்து ஆண்டு காத்திருக்க முடியுமா என்று கணக்குப் பார்க்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அதற்கு அடுத்து வர வேண்டிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாருடைய பொறுப்பில், என்ன வேலை செய்ய வேண்டும்? அது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது? பட்டம் நான்கு ஆண்டில் முடிகிறதா, ஏழு ஆண்டு இழுக்கிறதா என்பதைத் தொகையின் அளவைக் காட்டிலும் இந்த இரண்டாம் கேள்விக்கான பதில்தான் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது, பல ஆய்வு மாணவர்களை அருகிலிருந்து கவனித்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று.

நம் பகுதியில் பட்டமேற்படிப்பு மாணவருக்குப் பணம் வரும் வழிகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலோ, அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்விலோ ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர், அந்த நிதியைத் தம்மோடு எடுத்துச் செல்லலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தின் துறை, சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்தின் துறை, ஆய்வு மையமாக ஏற்கப்பட்ட ஒரு கல்லூரி என எங்கே சேர்ந்தாலும் அது அவரைத் தொடரும். எம்.இ., எம்.டெக். மாணவர் கேட் எனும் பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றிருந்தால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ மாத உதவித்தொகை தருகிறது. பேராசிரியர் ஒருவர் மத்திய அரசுத் துறையிடமிருந்து பெற்ற ஆய்வுத் திட்டத்தில் பணியாளராகச் சேர்வது மூன்றாவது வழி. ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான தேசிய ஆய்வு நிதிகள், தமிழக அரசு தேர்வு வைத்து வழங்கும் முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகை, பல்கலைக்கழகங்கள் தம் சொந்த நிதியிலிருந்து சிலருக்கு மட்டும் தரும் சிறு தொகை ஆகியவையும் இருக்கின்றன. இவை எதிலும் இடம் கிடைக்காமல், கையிலிருந்து கட்டணம் கட்டி முழுநேரமாக ஆய்வு செய்கிறவர்களும் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். இந்த விவாதங்களில் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்ச்சி இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கும் மாதம் 8,000 ரூபாய் தரும் ஏற்பாடு உண்டு. 2015-ல் அதை நிறுத்தப்போவதாக யுஜிசி அறிவித்தபோது டெல்லியில் மாணவர்கள் திரண்டு எதிர்த்ததும், மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்று அப்போது கேட்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். மருதமலைச் சாலையில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். முன்னது 1982-லும் பின்னது 1997-லும் தொடங்கப்பட்டவை. கொங்குப் பகுதியின் கலை அறிவியல் ஆய்வு மாணவரில் பெரும்பாலோர் இவ்விரண்டின் கீழ் வருவதால், அந்த 8,000 ரூபாய் அவர்களுக்கு இல்லை. ஒரே பாடத்தில், ஒரே தரத்தில் ஆய்வு செய்யும் இருவரில் ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து அவருடைய மதியச் சாப்பாடு முடிவாவது எந்த வகையிலும் சரியல்ல.

தகுதி என்று வரும்போது முனைவர் பட்டத்துக்கான அடிப்படை நிபந்தனைகளை யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை வகுத்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அதைத் தம் விதிகளுக்குள் கொண்டுவந்து நடைமுறைப்படுத்துகின்றன. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்து நேரடியாக வருகிறவருக்கு 75 விழுக்காடு. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் கிரீமி லேயர் எனும் வசதிப் பிரிவுக்குள் வராதவர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஒரு காலத்தில் நம் கல்லூரிகளில் முனைவர் பட்டத்துக்கு முந்தைய படிக்கட்டாக இருந்த எம்.ஃபில். படிப்பை இந்த ஒழுங்குமுறையே முடித்து வைத்தது. ஜேஆர்எஃப் பெற வயது 30-ஐத் தாண்டக்கூடாது. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு இருக்கிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தடுக்கி விழுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். பள்ளியிலிருந்து கையில் இருக்கும் தமிழக அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் நெட் தேர்வுக்குச் செல்லாது. சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். வசதிப் பிரிவில் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, மத்திய அரசின் படிவத்தில், தாசில்தார் அலுவலகத்திலிருந்து தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கவனிக்காமல், பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. விண்ணப்பத் தேதி வருவதற்கு ஒரு மாதம் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய் வந்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

உதவித்தொகைகள் அனைத்துக்கும் பொதுவான நிபந்தனை முழுநேரச் சேர்க்கை. கொங்குப் பகுதியில் இது பெரிய கூட்டத்தையே வெளியே நிறுத்துகிறது. பொறியியல் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கும் இந்த மாவட்டங்களில், சுயநிதிக் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பகுதிநேர முனைவர் பட்டம் செய்யும் ஆசிரியர்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை தரும் நிறுவனம் தடையில்லாச் சான்று தர வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப்படும் என்றும், தேவைப்பட்டால் முனைவர் பட்டத்துக்கான பாட வகுப்புகளில் படிக்க வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் அந்தச் சான்றில் எழுத வேண்டும் என்று 2022 ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. சான்றில் இந்த வரிகள் இருக்கும். கல்லூரியின் பாடவேளை அட்டவணையில் அதன் சுவடு தெரியாது. பகுதிநேர ஆய்வாளருக்கு உதவித்தொகை இல்லாதது பெரிய குறையல்ல, அவருக்குச் சம்பளம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த நேரம் கிடைக்காததுதான் அவருடைய குறை.

தொகைகளைப் பார்ப்போம். 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை உதவித்தொகையாக உயரும்போது 42,000 ரூபாய். முன்னது இரண்டு ஆண்டு, பின்னது மூன்று ஆண்டு என்று கணக்கிட்டால் ஐந்தாண்டுக்குச் சரியாக 24 லட்சம் ரூபாய். இதற்கு முன்பு 2019-லிருந்து 31,000, 35,000 என்று இருந்தது. அந்த உயர்வும் தானாக வரவில்லை. 2018-ன் இறுதியில் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் வீதிக்கு வந்து கேட்ட பிறகு வந்தது. இந்த அடிப்படைத் தொகைக்கு மேல், விடுதி அறை பெறாதவருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. மத்திய அரசின் நகரப் பட்டியலில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கும் ஒய் பிரிவில் வருவதால் படி 20 விழுக்காடு என்ற கணக்கில் 37,000-க்கு 7,400 ரூபாய் வரும். யுஜிசி நிதியில் புத்தகம், வேதிப்பொருள், பயணம் போன்ற சில்லறைச் செலவுக்கென்று தனித் தொகையும் இருக்கிறது: முதல் இரண்டு ஆண்டுகளில் கலைப் பாடங்களுக்கு ஆண்டுக்கு 10,000, அறிவியலுக்கு 12,000, அதன்பின் 20,500, 25,000. மாணவர்கள் இதைக் கண்டிஞ்சன்சி என்றே சொல்வார்கள். ரசீதைப் பத்திரப்படுத்தாததால் இந்தத் தொகையை இழப்பவர்கள் உண்டு.

ஜேஆர்எஃப் பணம் மாதந்தோறும் தானாக வந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. யுஜிசி நிதி பெறுகிறவரின் பெயரை ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் கனரா வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். மாணவர் முந்தைய மாத வருகைச் சான்றை நெறியாளரிடம் கையெழுத்து வாங்கி, துறைத்தலைவர் வழியாக நிர்வாகப் பிரிவுக்குக் கொண்டுபோக, அங்கே ஓர் அலுவலர் தளத்தில் விவரத்தைப் பதிவார். இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். இருவரில் ஒருவர் விடுப்பில் இருந்தாலும், அந்த மாதத்துக்கான கடைசி நாள் கடந்தாலும், பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டு ஆண்டு முடிந்ததும் வெளி வல்லுநர் ஒருவர் உள்ளிட்ட குழு ஆய்வை மதிப்பிட்டு எஸ்ஆர்எஃப் நிலைக்கு உயர்த்த வேண்டும். அந்தக் கூட்டம் தாமதமானால் உயர்வும் தாமதமாகும். ஆகவே நெறியாளரோடு மனக்கசப்பு ஏற்பட்டால் முதலில் அடிபடுவது மாதச் சாப்பாட்டுக் காசுதான். ஒரு மாணவரின் வருகைச் சான்றிலும் ஆய்வு முன்னேற்றத்திலும் பட்டத்திலும் ஒரே மனிதரின் கையெழுத்து வேண்டும் என்ற இந்த அமைப்பு, கூடுதல் வேலை சொன்னால் மறுக்க முடியாத நிலையை இயல்பாகவே உண்டாக்கிவிடுகிறது. பெரும்பாலான நெறியாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது உண்மை. மாணவரின் பாதுகாப்பு ஒருவருடைய நல்ல குணத்தில் மட்டும் நிற்கக்கூடாது என்பதும் அதே அளவு உண்மை.

இனி வேலை நேரத்துக்கு வருவோம். எம்.இ., எம்.டெக். மாணவருக்கு ஏஐசிடிஇ தரும் 12,400 ரூபாய் இருபத்து நான்கு மாதத்துக்கு 2,97,600 ரூபாய் ஆகிறது. முனைவர் பட்ட நிதி 2019-லும் 2023-லும் உயர்ந்தபோது இந்தத் தொகை அசையவில்லை. அதன் நிபந்தனைகளில் ஒன்று, கல்லூரி ஒதுக்கும் கற்பித்தல் அல்லது ஆய்வு சார்ந்த பணியை வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் மாணவர் செய்ய வேண்டும் என்பது. வேறு உதவித்தொகையோ சம்பளமோ வாங்கக்கூடாது. சேரும்போதே கேட் மதிப்பெண் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு தேர்ச்சி பெற்றால் அந்தச் சேர்க்கைக்குப் பயன்படாது. வருகைப் பதிவைக் கல்லூரி மாதந்தோறும் ஏற்றினால்தான் பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும்.

முனைவர் பட்ட மாணவரைப் பற்றி 2022 ஒழுங்குமுறை சொல்வது இன்னும் கவனிக்கத்தக்கது. எந்தப் பாடமாக இருந்தாலும் ஆய்வுக் காலத்தில் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி ஒதுக்கப்படலாம். பதினைந்து வாரப் பருவத்துக்கு இது 60 முதல் 90 மணி நேரம். மணிக்கணக்கு போட்டு ஒரு மேல்வரம்பை இப்படி எழுத்தில் வைத்திருப்பது ஆய்வு மாணவருக்குக் கிடைத்த மிக முக்கியமான பிடிமானம் என்று கருதுகிறேன். ஆனால் நம் வளாகங்களில் இந்த வரியைப் படித்த மாணவர் குறைவு; படித்த துறைத்தலைவரும் அவ்வளவு அதிகமில்லை.

ஆறு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று ஒரு வேதியியல் துறையை வைத்துப் பார்க்கலாம். முதுகலை மாணவருக்குப் புதன்கிழமை மதியம் மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு மாணவர் அன்று காலையே கரைசல்களைச் செறிவு பார்த்துத் தயாரித்து, பியூரெட்டும் பிப்பெட்டும் எண்ணி வைத்து, கசியும் குழாயைக் கண்டுபிடித்து மாற்றியாக வேண்டும். வகுப்பில் மூன்று மணி நேரம் நின்று, ஒருவர் எடுத்த அளவு ஏன் மற்றவருடையதிலிருந்து விலகுகிறது என்று விளக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அமிலக் கழிவைப் பிரித்து ஊற்றி, கண்ணாடிப் பொருட்களைச் சரிபார்த்து, அந்த வார ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த வேண்டும். அட்டவணையில் மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கும் வகுப்பு, உண்மையில் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். தயாரிப்பும் திருத்தமும் வேலை நேரத்தில் சேருமா சேராதா என்பதை யாரும் எழுதி வைக்காததால் இந்த விரிவு கணக்கிலேயே வருவதில்லை.

இந்த வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. செய்முறை வகுப்பு எடுத்த ஆய்வு மாணவர் நாளை நல்ல ஆசிரியராக வருவார்; தன் பாடத்தைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லாத வேலைகளும் இதே வாசல் வழியாக நுழைந்துவிடுகின்றன. தேர்வறைக் கண்காணிப்பு, கருத்தரங்கில் பதிவு மேசையில் உட்காருவது, விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முன் கோப்புகளை அடுக்குவது, பொருள் கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கிவர டவுன்ஹாலுக்கும் காந்திபுரத்துக்கும் அலைவது என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றை ஒரு துறையின் உறுப்பினராக எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். மாணவரே மனமுவந்து செய்வதும் உண்டு. வரம்பு மீறுகிறதா என்று பார்க்க எளிய வழி, அந்த வேலையை மறுத்தால் ஏதாவது கெடுதல் வரும் என்ற பயம் மாணவருக்கு இருக்கிறதா என்று கேட்பதுதான். பயம் இருந்தால் அது உதவி அல்ல, ஊதியமில்லாத வேலை.

உதவித்தொகை எதுவும் பெறாத முழுநேர மாணவரிடம் இதே வேலைகளைச் சொல்வது இன்னும் கடினமான கேள்வியை எழுப்புகிறது. பணம் பெறுகிறவருக்காவது ஈடு என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. கையிலிருந்து கட்டணம் கட்டி, மாலையில் டியூஷன் எடுத்துப் பேருந்துக் காசு தேடுகிறவரின் ஆறு மணி நேரத்துக்கு எந்த ஈடும் இல்லை. பணி ஒதுக்குவதற்கு முன் உதவித்தொகை உள்ளவர், இல்லாதவர் என்று துறை பார்க்க வேண்டும். இல்லாதவருக்கு வகுப்பு கொடுத்தால் மணிக்கணக்கில் மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும்.

விடுப்பு விஷயத்தில் விதிகள் ஓரளவு தெளிவானவை. யுஜிசி நிதி பெறுகிறவர் பொது விடுமுறைகளுக்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு எடுக்கலாம். கல்லூரி மாணவருக்கு உள்ள பருவ விடுமுறை அவருக்குக் கிடையாது. பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பட்டத்தை முடிக்க வேண்டிய அதிகபட்சக் காலம் பொதுவாக ஆறு ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. நம் பகுதியில் திருமணத்தோடு ஆய்வை நிறுத்திவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். பட்டம் இன்னும் கையெட்டும் தூரத்தில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே போயிற்று. இந்த 240 நாளையும் கூடுதல் ஆண்டுகளையும் சேர்க்கையின் முதல் நாளே ஒவ்வொரு மாணவியிடமும் அவர் குடும்பத்தாரிடமும் சொல்வது துறையின் கடமை.

ஆய்வுத் திட்டங்களில் சேர்வது பலருக்கு நல்ல வாய்ப்பு. கோவையில் இதற்கான நிறுவனங்கள் அதிகம்: 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வனமரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஆனைக்கட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம், நூற்பாலைகளுக்காக 1956-ல் தோன்றிய ஆய்வு நிறுவனமான சிட்ரா. திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது நெட் அல்லது கேட் தேர்ச்சி உள்ளவருக்கு ஒரு தொகை, இல்லாதவருக்குக் குறைந்த தொகை. இந்தப் பணி திட்டத்தோடு முடியும். மூன்றாண்டுத் திட்டத்தின் இரண்டாம் ஆண்டு முடிவில் சேர்கிறவருக்குப் பணம் ஓராண்டுதான் உறுதி. ஆய்வேட்டுக்கு அதற்குமேல் மூன்றாண்டு தேவைப்படலாம். செலவுக் கணக்கைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி அடுத்த தவணை வருவதற்குள் சில மாதங்கள் சம்பளம் நிற்பதும் வழக்கமாக நடப்பது. திட்டத்தில் எடுக்கும் தரவை மாணவர் தம் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்பதை நேர்காணலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது பின்னால் வரும் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

பீளமேட்டிலும் தடாகம் சாலையிலும் சரவணம்பட்டியிலும் பொறியியல் முடித்து அமெரிக்கா போகிற மாணவருக்கு நிலைமை வேறு. அங்கே பல்கலைக்கழகம் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர், அலுவலக உதவியாளர் என்று மாணவரைப் பணியில் அமர்த்துகிறது. பணிக் கடிதத்தில் பருவத்தின் தொடக்கமும் முடிவும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும், சம்பளமும், கல்விக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி என்பதும் எழுதியிருக்கும். வழக்கமான முழு அளவுப் பணி வாரத்துக்கு 20 மணி நேரம்; பதினைந்து வாரத்துக்கு 300 மணி நேரம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது குடியேற்றச் சட்டத்தின் விதி. அது எல்லா வேலைகளையும் சேர்த்த கணக்கு. 20 மணி நேர உதவியாளர் பணியில் இருப்பவர் அதற்கு மேல் உணவகத்திலோ நூலகத்திலோ இரண்டு மணி நேரம் சேர்த்துப் பார்த்தாலும் விசா நிலையே கெடும். விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம்.

தகுதி நிபந்தனைகளைத் துறைதோறும் வகுத்திருப்பார்கள். முழுநேரப் பதிவும் சராசரி மதிப்பெண் நான்குக்கு மூன்றுக்குக் குறையாமல் இருப்பதும் பரவலாகக் கேட்கப்படுபவை. கற்பித்தல் பணிக்குப் பேச்சு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும்; டோஃபல் எனும் ஆங்கிலத் தேர்வின் மொத்த மதிப்பெண் உயர்ந்திருந்தாலும் பேச்சுப் பகுதியில் குறைந்தால் வகுப்பு கிடைக்காது. நன்றாகப் படித்த நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவாக இருப்பதால், கல்லூரி நாட்களிலேயே கரும்பலகை முன் நின்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பாடம் சொல்லிப் பழகுவது எந்தப் பயிற்சி மையக் கட்டணத்தையும்விடப் பலன் தரும். உதவியாளர் பணிகளில் பெரும்பகுதி முனைவர் பட்ட மாணவருக்கே போகிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ். மாணவருக்குச் சேர்க்கையின்போது எந்த உறுதியும் இல்லாமல், போன பிறகு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது ஆபத்தான கணக்கு. கையில் பணிக் கடிதம் இருந்தால் அந்தத் தொகை விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலேயே ஏறி, வங்கியில் காட்ட வேண்டிய இருப்பைக் குறைக்கும். இல்லையென்றால் முழுச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்ற கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

கடிதத்தைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கல்விக் கட்டணம் தள்ளுபடியானாலும் மற்றக் கட்டணங்கள் தனியாக இருக்கலாம். மருத்துவக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணி ஒன்பது மாதத்துக்கு என்றால் கோடை மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆய்வு உதவியாளர் பணி பேராசிரியரின் நிதியைச் சார்ந்தது; நிதி நின்றால் பணியும் நிற்கும். சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. இந்திய மாணவருக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ம் பிரிவு நிலையான கழிவைக் கோரும் உரிமையைத் தருகிறது. மற்ற நாட்டு மாணவருக்கு இது இல்லை. நிதியுதவியோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லக் காலம் தர வேண்டும் என்ற தீர்மானத்தில் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருப்பதால், அதற்கு முன் அவசரப்படுத்தினால் அவகாசம் கேட்கத் தயங்க வேண்டாம்.

அந்தக் கடிதத்தில் மணி நேரம் இவ்வளவு துல்லியமாக இடம்பெற்றதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மேடிசன் வளாகத்தில் கற்பித்தல் உதவியாளர்கள் 1966-ல் சங்கம் அமைத்து, 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் உதவியாளராக இருக்கும் மாணவரும் தொழிலாளரே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தி, டிசம்பரில் புதிய ஊதிய ஒப்பந்தத்தோடு திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டமேற்படிப்பு மாணவர்கள். ஆலைத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகவும் பஞ்சப்படிக்காகவும் நின்ற வரலாறு உள்ள கோவைக்கு இந்தச் செய்தி புரியாத ஒன்றல்ல. ஆயினும் இங்கே ஆய்வு மாணவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை; வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ இல்லை; பெரும்பாலான வளாகங்களில் குறைகளைக் கூட்டாகச் சொல்ல ஓர் அமைப்பும் இல்லை.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்பது பொருத்தமல்ல. வாரத்துக்கு 20 மணி நேரக் கற்பித்தல் பணி அங்கேயே ஆய்வை நசுக்குகிறது. நம் 4 முதல் 6 மணி நேரம் ஆய்வுக்கு உகந்த அளவு. குறை அளவில் இல்லை, பதிவில் இருக்கிறது. அதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது: ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழு முன் வந்து முன்னேற்றத்தை விளக்க வேண்டும், அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்தில், கடந்த பருவத்தில் ஒதுக்கிய வகுப்புகள், தயாரிப்பும் திருத்தமும் சேர்த்து வாரச் சராசரி மணி நேரம், கற்பித்தலுக்கு வெளியே சொல்லப்பட்ட வேலைகள் என்று மூன்று பத்திகளைச் சேர்த்து, நெறியாளர் அல்லாத குழு உறுப்பினர் ஒருவர் மாணவரிடம் தனியாகக் கேட்டு நிரப்ப வேண்டும். உதவித்தொகை பெறாதவருக்கு ஒதுக்கிய மணி நேரம் தனியாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் மதிப்பூதியம் கேட்க முடியும். இதற்கு டெல்லியிலிருந்து புதிய ஆணை எதுவும் வர வேண்டியதில்லை. பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அடுத்த பருவத்திலிருந்தே தொடங்கலாம்.